ஒழுகும் இடம்

தன்னுடைய காரில் எதாவது ஒழுகிக்கொண்டிருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு படுக்கையை விட்டு எழுந்த மனுசன், அந்த ஞாயிற்றுக்கிழமை போடி ஊருக்குள் சுருளிநாதன் ஒருவராகத்தான் இருந்திருப்பார். முந்தின நாள் சாயங்காலமே நான்கு சக்கரங்களுக்கும் உள்பக்கமாக, சக்கரத்துக்கு ஒன்று என்று செய்தித்தாளை விரித்து, காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது பல்கூட விளக்காமல் வந்து குனிந்து ஒவ்வொன்றாக உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முன்னால் இரண்டும் சுத்தம். பின்னால் வலப்பக்கமும் சுத்தம், அந்தத் தாளில் நகைக்கடை விளம்பரத்துப் பெண் சிரித்தபடி இருந்தாள், அவள் மூக்குத்தி மேல் ஒரு சொட்டு விழுந்திருந்தால்கூடப் போதும், விழவில்லை. இடப்பக்கத் தாளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பார்த்தாயா, வண்டிதான், வண்டியேதான், நான் இல்லை. தாளை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். அது எதிர்வீட்டுச் செவலை நாயின் வேலை. ஊரில் அத்தனை சக்கரம் இருக்க, விடிகாலையில் வந்து இந்தச் சக்கரத்தில்தான் காலைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறது. அறுபத்தோரு வயசில் நாய் மூத்திரத்தை மோந்து பார்த்துச் சந்தோசப்படுகிற ஆளாகிவிட்டோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது, ஏனென்றால் நான்கு தாளும் சுத்தம் என்றால் சக்கரத்தில் கோளாறு இல்லை, சக்கரத்தில் இல்லை என்றால் வேறு எங்கோ இருக்கிறது, அந்த வேறு எங்கோ என்பது தன்னுடைய வலது காலாகவே இருந்து தொலைக்குமோ என்கிற பயம் நேற்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருசம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் அவர். கோளாறு தேடுவதுதான் பிழைப்பு. கரண்ட் இல்லையென்று ஊரே கத்தும்போது அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் லைனைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். கோளாறு இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று பார்க்க வேண்டும். இருக்கிற பாதியை மறுபடியும் இரண்டாக்க வேண்டும். அப்படியே போனால் கடைசியில் ஒரே ஒரு கம்பம் மிஞ்சும், ஏறிப் பார்த்தால் விரிசல் விட்ட பீங்கானோ கருகிப்போன அணிலோ இருக்கும். இந்த முறைக்குப் பிடிபடாத கோளாறை அவர் கண்டதில்லை. நேற்று நடந்ததையும் படுத்துக்கொண்டே அப்படித்தான் பிரித்துப் பார்த்தார், ஒரு பாதி வண்டி, இன்னொரு பாதி ஓட்டினவன், ஆனால் இரண்டாவது பாதியின் பக்கம் போகும்போதெல்லாம் புரண்டு படுத்து முதல் பாதிக்கே திரும்பி வந்தார். நேற்று சனிக்கிழமை. மலைக்கு மேலே, கணவாய் மெட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற மகள் தீபலட்சுமியையும் நான்கு வயசுப் பேத்தி நிலானியையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய் விடுவதும் சனிக்கிழமை மத்தியானம் கூட்டி வருவதும் இரண்டு வருசமாக அவர் பொறுப்பு. மருமகன் மஸ்கட்டில் இருக்கிறார். பஸ்ஸில் போனால் பிள்ளை மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடும். தான் இல்லாவிட்டால் நடக்காது என்று வாரத்தில் இரண்டு நாளைக்காவது ஒரு காரியம் இருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் தெரியும். பதினோராவது வளைவுக்கு வரும்போது கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். நிற்கலாம் என்று மிதித்தார். மிதித்தாரா? மிதித்தார், மிதிக்காமல் என்ன. வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது, பஸ்ஸின் முகப்பில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக்கூட எண்ணிவிடலாம் போலக் கிட்டத்தில் வந்துவிட்டது, பக்கத்தில் இருந்த தீபலட்சுமி கைப்பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள், வண்டி ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு ஓரத்துக் காவல் கல்லில் மோதி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, வெறும் ஆகாசம். பின்சீட்டில் இருந்த பிள்ளை முன்சீட்டில் இடித்து நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. அப்புறம் இரண்டு மூன்று தடவை ஓங்கி மிதித்ததும் பிரேக் கெட்டியாகி, மிச்ச மலை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் பிடித்தது, அதுதான் வம்பாகப் போயிற்று. போடியில் தன் வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் தீபலட்சுமி கேட்டாள்: "பிரேக் பிடிக்கலயாப்பா, இல்ல நீங்க மிதிக்கலயா?"

கோபத்தோடு கேட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருக்கலாம். அவளோ மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கணக்கு எங்கே தப்பிப் போனது என்று கேட்பதுபோலக் கேட்டாள். "மிதிக்காம என்னத்தா, பிரேக் ஃபெயிலியரு" என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியில் தெருவுக்குத் தெரு தேவையில்லாமல் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் அது பிடித்தது, ஒவ்வொரு தடவை பிடித்தபோதும் அடுத்த தெருவில் இன்னும் ஓங்கி மிதித்தார். மிதித்த ஞாபகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது யாருடைய ஞாபகம்? மிதி என்று மனசு சொன்னது ஞாபகம் இருக்கிறது, சொன்னதைக் கால் கேட்டதா என்பது ஞாபகத்தில் இல்லை. சப்ஸ்டேஷனில் சுவிட்சைப் போட்டவன் போட்டுவிட்டேன் என்றுதான் நோட்டில் எழுதுவான், எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் கரண்ட் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு சங்கதி, போய்ச் சேரவில்லை என்றாலும் அவன் எழுதினது பொய் இல்லை. அப்படிப் பார்த்தால் தானும் பொய் சொல்லவில்லை. இந்தச் சமாதானம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு நிமிசத்துக்கு மேல் தாங்கவில்லை. பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் இருக்கிற சின்ன வெள்ளை டப்பாவில் நேற்று வந்தவுடன் மேல் கோடு வரைக்கும் ஊற்றி வைத்திருந்தார், கையில் கொட்டியதைச் சோப்புக்கூட இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவினார், ஆயில் என்று பேரே ஒழிய ஆயில் மாதிரி ஒட்டாது அது. இப்போது ஒரு நூல் இறங்கியிருந்தது. இறங்கியிருந்ததா, நேற்றே ஒரு நூல் குறைச்சலாகத்தான் ஊற்றினோமா? பேனாவால் ஒரு அடையாளம் போட்டு வைத்திருக்கலாம். லைன்மேன்களை இதற்காக எத்தனை ஏச்சு ஏசியிருக்கிறார், அடையாளம் போடாமல் வேலையைத் தொடாதே என்று. ஊருக்கு உபதேசம்.

சிக்கந்தருக்குப் போன் போட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கிற மெக்கானிக், இந்த வண்டியை இருபது வருசமாகப் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை என்று கம்பம் ஊரில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார், பின்னால் விருந்துச் சத்தம் கேட்டது. "சும்மா கொறையாதுண்ணே," என்றார் சிக்கந்தர். "ஒண்ணு சக்கரத்துக்குள்ள பிரேக் லைனிங் தேஞ்சிருக்கணும், அப்பக் கொஞ்சமா எறங்கும், அதுல தப்பில்ல. இல்லாட்டி எங்கிட்டாச்சும் ஒழுகணும். ஒழுகுன எடத்துல பெயிண்ட்டு உரிஞ்சு கெடக்கும், அதப் பாருங்க. பிரேக் ஆயில் பட்டா எந்தப் பெயிண்ட்டும் தாங்காது." சுருளிநாதன் கேட்டார், "ரெண்டுமே இல்லாட்டி?" சிக்கந்தர் சிரித்தார். "ரெண்டுமே இல்லாட்டி வண்டி நல்லாருக்குன்னு அர்த்தம்ணே. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல ஷெட்டுக்குக் கொண்டாங்க, பாத்துருவோம்." நாளைக்குப் பதினோரு மணிக்கு மேல் பார்த்து என்ன செய்ய, ஆறரைக்கே மலையேற வேண்டும். கிழிந்த வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். முன் சக்கரத்து ரப்பர் குழாயைத் துடைத்தார், துணியில் செம்மண் வந்தது. இரும்புக் குழாய் போகிற வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே பின்னால் வரைக்கும் ஊர்ந்தார், செம்மண். பின் சக்கரத்தின் உள்பக்கம் எச்சில் தொட்டுத் துடைத்தார், அங்கேயும் செம்மண், அதற்கடியில் கம்பெனிக் கறுப்புப் பெயிண்ட் போன வருசம் அடித்ததுபோல மின்னியது. வெளியே வந்து இஞ்சின் பக்கம் டப்பாவைச் சுற்றித் தேடினார், அங்கே பல்லி முட்டை இரண்டு இருந்தது, பெயிண்ட் பத்திரமாக இருந்தது. சாதாரண நாளாக இருந்தால் இருபத்தாறு வருசத்து வண்டி இத்தனை ஒழுங்காக இருக்கிறதே என்று பெருமையாக இருந்திருக்கும். இன்றைக்கோ ஒவ்வொரு இடம் சுத்தமாக இருப்பதும் அவரைப் பிடித்து இரண்டாவது பாதிக்குள் ஒரு அடி தள்ளியது. ரெண்டுமே இல்லாட்டி வண்டி நல்லாருக்குன்னு அர்த்தம்ணே. இதைவிடச் சந்தோசமான சேதியை ஒரு மெக்கானிக் சொல்ல முடியாது, அதைக் கேட்டு ஒரு மனுசன் வேர்த்துப்போய் நிற்கிறான்.

சர்க்கரை வந்து பதினான்கு வருசம் ஆகிறது. மாத்திரை, நடை, கசக்கிற பொடி எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. மூன்று வருசத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள், வரிசையில் நின்றார், சின்ன வயசு டாக்டரம்மா தூண்டில் கயிறு மாதிரி நைலான் நரம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்கய்யா, பாதத்துல குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றாள். கண்ணை மூடினார். காத்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை, இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தால் நரம்பு பெருவிரலுக்கு அடியில் வளைந்து நிற்கிறது. அந்த ஒரு நொடியில் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. அடுத்த நொடியில் புத்தி வேலை செய்தது. கண்ணைப் பூனை மாதிரி இடுக்கிக்கொண்டு, அவளுடைய கண்ணாடி வளையல் அசையும்போதெல்லாம் "ம்" என்றார். வலது காலில் ஏழு "ம்". "நல்லாருக்குய்யா, ஆனா வெறுங்காலோட மட்டும் நடக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்தாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், இந்தக் கெட்டிக்காரனுடைய புளுகு மூன்று வருசமாக நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. தேர்வில் பார்த்து எழுதின பையனுக்காவது தான் பார்த்து எழுதினது ஞாபகம் இருக்கும், இவருக்கு நாளாக நாளாக அந்த ஏழும் உண்மையாகவே தெரிந்ததுபோல ஆகிவிட்டது. போன தையில் சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி லோகமணி, "ஒத்தக் கால் செருப்ப எங்க விட்டீங்க?" என்று கேட்டாள், குனிந்து பார்த்தார், வலது காலில் செருப்பு இல்லை, அது கழன்று எந்தத் தெருவில் கிடக்கிறதோ. "அறுந்துருச்சு, வீசிட்டேன்" என்றார். இத்தனைக்கும் சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அது. வீட்டுக்குள் அதுதான், கக்கூசுக்கும் அதுதான், டாக்டரம்மா சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார், ஒரே ஒரு இடம் தவிர. காரில் ஏறும்போது கழற்றிச் சீட்டுக்கடியில் வைத்துவிடுவார். முன்னால் முருகன் படம் இருக்கிறது, சந்தனம் குங்குமம் இருக்கிறது, அதற்கு நேராகச் செருப்புக் காலோடு உட்கார்வதா? ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அது நடப்பதில் சேராது, உட்கார்ந்துதானே இருக்கிறோம் என்று டாக்டரம்மாவுக்கும் முருகனுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்து வைத்திருந்தார். ஒரு மாசமாக வலது காலில் தோல் வேறு உரிகிறது, பெருவிரலிலும் அதை ஒட்டின பாதத்திலும். சேற்றுப்புண் என்று லோகமணி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தினமும் காலையும் மாலையும் தடவி விடுகிறாள்.

அந்த லோகமணிதான் இப்போது காப்பி டம்ளரோடு வந்து நின்றாள். "காலையிலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல, என்னத்தத் தேடுறீங்க?" "பிரேக் ஆயில் ஒழுகுது" என்றார். "எங்க?" "அதத்தான் தேடுறேன்." லோகமணி வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எங்கன்னே தெரியல, ஒழுகுதுன்னு மட்டும் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். தாயும் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள் போல, கேட்கக்கூடாத கேள்வியாகப் பார்த்துக் கேட்கிறார்கள். அவர் காப்பியைக் குடித்தார். அவள் போகாமல் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "தீபாக்குப் போன் போட்டேன். புள்ளைக்கு வீக்கம் வடிஞ்சிருச்சாம். நாளைக்குப் பஸ்லயே போயிக்கிறேங்கிறா" என்றாள். "பஸ்ல போனா புள்ள வாந்தி எடுக்குமே." "பாலிதீன் பை எடுத்து வச்சிருக்காளாம்." அவ்வளவுதான் சொன்னாள், டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாலிதீன் பை எடுத்து வைத்துவிட்டாள். இரண்டு வருசமாகச் செய்த காரியத்துக்கு ஒரு பாலிதீன் பை போதும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காலையிலிருந்து கூடத்தை அளந்துகொண்டிருக்கிறோமோ, கூடம் நேராகத்தான் இருக்கிறதோ? அவருக்குத் திடீரென்று அலுத்துப் போயிற்று. தீபலட்சுமி சைக்கிள் பழகின நாளில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினவர் இவர், பிடிச்சிருக்கீங்களாப்பா என்று கத்திக்கொண்டே போவாள், எப்போதோ கையை விட்டுவிட்டுப் பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறார், அது நல்ல பொய், பிள்ளை பழகிக்கொண்டது. நேற்று மலையில் அதே பொய்யைத்தான் சொன்னோமா? பிடிக்கிறவன் பிடிக்காமலேயே பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் முன்னால் போகிறவர்கள் கதி என்ன? கல்லுக்கு அந்தப் பக்கம் ஆகாசம் வெளிர் நீலமாக இருந்தது, ஒரு கழுகு தங்களுக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது, கழுகின் முதுகைப் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்துவிட்டு, ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தார். கடைசியாக ஒரு வழி பாக்கி இருந்தது. பிரேக்கை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால், உள்ளே எங்காவது ரப்பர் போயிருக்கும் பட்சத்தில் பெடல் மெதுவாகக் கீழே இறங்கும் என்று சிக்கந்தர் எப்போதோ சொன்னது. மிதித்தார். அழுத்திப் பிடித்தார். இறங்குகிறதா? இறங்குவதுபோலவும் இருந்தது, நின்ற இடத்தில் நிற்பதுபோலவும் இருந்தது. கால் வைத்திருக்கிற இடத்தில் ஒரு பெடல் இருப்பதாகத் தெரிந்தது, அதுவும் முழங்காலுக்குத்தான் தெரிந்தது, பாதம் வேறு யாருடையதோ போல அங்கே கிடந்தது. இதை வைத்துக்கொண்டா மலை இறங்கினோம்? காது கேளாதவனைக் கூப்பிட்டுச் சுருதி சரிபார்க்கச் சொன்ன கதையாக இருக்கிறதே, சாட்சி சொல்ல வேண்டியவன்மேலேயே சந்தேகம் என்றால் விசாரணை எப்படி நடக்கும்? அப்போதுதான் அவருக்குத் தோன்றியது, காலையிலிருந்து ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை, கை இருக்கிறதே. கை நல்ல கை. இருட்டில் கம்பியைத் தொட்டு எத்தனை இழை என்று சொல்லிவிடுகிற கை. வண்டியை விட்டு இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கையைப் பெடல்மேல் வைத்து ஊன்றினார். வைத்த மாத்திரத்தில் தெரிந்தது. ஈரம். வழுவழுவென்று விரலிடுக்கெல்லாம் ஈரம். கையைப் பெடல் தண்டின் வழியாக மேலே ஏற்றினார், ஈரம், இஞ்சின் பக்கத்திலிருந்து தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டு கம்பி உள்ளே வருகிற இடம் வரைக்கும் ஈரம், விரல் போன வழியில் கறுப்புப் பெயிண்ட் பொரி பொரியாக உதிர்ந்தது. ரப்பர் மேட்டைத் தூக்கினார், அதற்கடியில் விரிப்பு சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை, அத்தனையும் உள்பக்கமாகவே வழிந்து பெடல் வழியாக இறங்கியிருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் தாள் விரித்தவன் ஓட்டுகிறவன் காலடியில் விரிக்கவில்லை.

"லோகு! ஏய் லோகு, இங்க வா!" அவர் போட்ட சத்தத்தில் லோகமணி பாம்பு கீம்பு என்று பயந்து துடைப்பத்தோடு ஓடி வந்தாள். எண்ணெய்க் கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அவள் பார்த்துவிட்டு, "அது நான் தடவுன வேப்பெண்ணெய்ங்க. வீட்டுத் தரையெல்லாம் உங்க காலடிதான் வழுக்குது, ஒரு மாசமாத் தொடச்சுத் தொடச்சு இடுப்பு போச்சு" என்றாள். ஒரு நொடி அவருக்கு உயிரே போய்விட்டது. அப்புறம், "ஒரு டம்ளர் தண்ணி கொண்டா" என்றார். கொண்டுவந்தாள். விரிப்பை வெளியே இழுத்துப் போட்டு, அதன் நுனியைப் பிழிந்து நாலு சொட்டு அதில் விட்டார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட டம்ளருக்குள் பார்த்தார்கள். எண்ணெய் என்றால் மேலே கண் கண்ணாக மிதக்கும். மஞ்சள் நிறத்தில் இரண்டு சின்னக் கண் மிதக்கத்தான் செய்தது, அது லோகமணியுடையது, மற்றதெல்லாம் புகைபோல இறங்கித் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து காணாமல் போய்விட்டது. "பிரேக் ஆயில்!" என்று கத்தினார். "மிதிச்சேன்டி! நான் மிதிச்சேன், பிரேக்குதான் பிடிக்கல!" கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை. லோகமணிக்கு முழுசாக விளங்கவில்லை, ஆனாலும் மனுசன் முகம் ஒரு நாளுக்குப் பிறகு மனுசன் முகமாக இருந்தது, அது போதும் என்று அவளே மகளுக்குப் போன் போட்டு, "வண்டியிலதான்டி கோளாறாம், இந்தா அப்பாகிட்டப் பேசு" என்று அவர் காதில் வைத்தாள்.

தீபலட்சுமி பிள்ளையை அந்தப் பக்கம் போய் விளையாடச் சொன்னாள். பிறகு, "நேத்து அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுப்பா. ராத்திரியெல்லாம் மனசு கேக்கல" என்றாள். "அதனால என்ன தாயி" என்றார். "சிக்கந்தரண்ணன்கிட்டச் சொல்லி நல்லாப் பாத்துருங்க. நாளைக்கு ஒரு நாள் பஸ்ல போயிக்கிறோம், சனிக்கிழமை நீங்களே வந்துருங்கப்பா. பாப்பா இப்பவே தாத்தா வண்டிதான் வேணுங்குது." சனிக்கிழமை நீங்களே வந்துருங்கப்பா. போனது எல்லாம் திரும்பி வந்துவிட்டது, பாலிதீன் பை கூட ஒரு நாளோடு சரி. "எப்பிடிப்பா கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். "கைய வச்சு அமுக்கிப் பாத்தேன் தாயி" என்றார் பெருமையாக. "வச்ச உடனே ஈரமாத் தெரிஞ்சிருச்சு." சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுந்தது. வச்ச உடனே. கை வைத்த உடனே தெரிந்தது. கால் ஒரு மாசமாக அங்கேதான் இருந்தது. மலை ஏறி, மலை இறங்கி, வெறுங்காலாக, தோல் உரிகிற அளவுக்கு அந்த ஈரத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வந்திருக்கிறது, பெயிண்ட்டே தாங்காது என்றாரே சிக்கந்தர், அந்த ஈரத்தில், இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். ஊறின விரிப்பின் ஓரத்தில்தான் அது இப்போதும் நின்றுகொண்டிருந்தது, விரல்களுக்கு நடுவே பளபளவென்று ஈரம், பார்த்த பிறகுதான் அங்கே நிற்பதே தெரிந்தது. இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றும் தோன்றியது. லோகமணிக்குத் தெரியாது. சிக்கந்தர் ரப்பரை மாற்றிவிடுவார், விரிப்பைக் காயப் போட்டுவிடலாம், கோளாறு கிடைத்துவிட்டது, கோளாறு கிடைத்த பிறகு லைன்மேன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே, அடுத்த கம்பத்தில் எவன் ஏறுவான். பிரேக் பிடிக்கவில்லை என்பது நிச்சயம். அதனால் மிதித்தோம் என்பது நிச்சயம் ஆகுமா? ஆகாது. இரண்டு பாதியிலும் கோளாறு இருக்கலாம் என்பது முப்பத்துமூன்று வருசத்தில் ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை. சனிக்கிழமை நீங்களே வந்துருங்கப்பா. பின்சீட்டில் பிள்ளை உட்கார்ந்திருக்கும், கல்லுக்கு அந்தப் பக்கம் அந்த வெளிர் நீலம் இருக்கும், புது ரப்பர் போட்ட பிரேக் யாராவது மிதிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"சனிக்கிழமையும் பஸ்லயே வந்துருங்க தாயி" என்றார்.

"ஏம்ப்பா, அதான் வண்டிதான்னு தெரிஞ்சிருச்சே. நான் கேட்டதுல இன்னும் கோவமா?"

"கோவமில்ல. நீ கேட்டதுக்குப் பதிலு எனக்கு இன்னமும் தெரியல. பிரேக் ஒழுகுறது நெசந்தான். நான் மிதிச்சனா இல்லையான்னு தெரியாது. அம்புட்டு ஈரத்துக்குள்ள கால் கெடந்திருக்கு, எனக்குத் தெரியல. அதுல எதுவுமே தெரியல."

லோகமணி டம்ளரை வண்டிமேல் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். போனில் பின்னால் பிள்ளை எதையோ உருட்டி விளையாடுவது கேட்டது. பிறகு தீபலட்சுமி, நேற்று வாசலில் கேட்டாளே அதே குரலில், கேட்டாள்.

"எத்தன நாளாப்பா?"

"வண்டி ஒரு மாசமா இருக்கும்" என்றார் சுருளிநாதன். "காலு மூணு வருசமாச்சு."